கூலூம் விசையை நகைத் தராசில் எடை போட்டோம்

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நிலைமின்னியல் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை உண்டு. மின்னோட்டத்தை அளக்க மீட்டர் இருக்கிறது, லென்சைப் பார்க்க பெஞ்சு இருக்கிறது, காந்தத்துக்கு ஊசிப்பெட்டி இருக்கிறது. இரண்டு மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையை மட்டும் கரும்பலகையோடு முடித்துவிடுகிறோம். தூரம் இரண்டு மடங்கானால் விசை கால்வாசி என்று நான் எழுதுவேன், பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். அந்தக் கால்வாசியை அவர்களும் பார்த்ததில்லை, இத்தனை வருடம் பாடம் நடத்திய நானும் பார்த்ததில்லை.

இதற்கென்று விற்கும் முறுக்குத் தராசு எங்கள் துறைக்குக் கட்டுபடியாகாத விலை. பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் 1785இல் செய்த கருவியின் வழிவந்ததுதான் அது. மெல்லிய கம்பியில் ஒரு குச்சி தொங்கும், குச்சி நுனியில் ஒரு சிறு பந்து, பக்கத்தில் இன்னொரு பந்து. கம்பி எத்தனை பாகை முறுக்கிக்கொள்கிறது என்பதுதான் விசையின் அளவு. விலக்கு விசைக்கு அவர் எழுதிவைத்த அளவுகள் மூன்றே மூன்று. பந்துகளுக்கு நடுவே 36 பாகை, 18 பாகை, எட்டரை பாகை இருந்தபோது வேண்டியிருந்த முறுக்கு 36, 144, 575½. இந்த எண்களை ஒவ்வொரு வருடமும் பலகையில் எழுதுவேன். எழுதும்போதெல்லாம், நம் கையால் இப்படி மூன்று எண்களாவது எடுக்கவேண்டும் என்று தோன்றும்.

வழி கிடைத்தது காரைக்குடியில் ஒரு நகைக்கடையில். தங்கையின் தோட்டை எடை போட்டபோது தராசு மில்லிகிராம் வரை காட்டியது. பில்லின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். பந்துக்கு 25 நானோகூலூம் (மின்னூட்டத்தின் அலகான கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோகூலூம்), நடுவே 10 செ.மீ. என்றால் விசை சுமார் 57 மில்லிகிராம் எடைக்குச் சமம். பழைய ஆசாரிகள் தங்கம் நிறுத்த குன்றிமணியில் பாதிகூட இல்லை. ஆனால் மில்லிகிராம் தராசுக்கு அது தாராளம். 50 கிராம் வரை தாங்கி ஒரு மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றை வாங்கினேன். கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுப் பட்டாலை என்னும் கூடத்தில் வேலை தொடங்கியது.

அமைப்பு எளிமையானதுதான். தராசுத் தட்டின் மேல் மின்சாரம் கடத்தாத ஒரு தூண், தூணின் உச்சியில் கடத்தும் மேற்பரப்புள்ள ஒரு பந்து. அதற்கு நேர் மேலே, ஆய்வக ஸ்டாண்டிலிருந்து நீளும் கையில் அதேபோல் இன்னொரு பந்து. இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் ஏற்றி மேல் பந்தை இறக்கினால் கீழ்ப் பந்து அழுத்தப்படும், தராசு கூடுதல் எடை காட்டும். அந்தக் கூடுதல்தான் விசை.

பந்துக்கு டேபிள் டென்னிஸ் பந்து எடுத்தேன். 40 மி.மீ. விட்டம், 2.7 கிராம் எடை, நல்ல உருண்டை. முதலில் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றினேன், அது தவறு. எவ்வளவு தேய்த்தாலும் தாளில் மடிப்புகள் நின்றுவிடுகின்றன. மடிப்பின் கூர் முனைகளில் மின்புலம் குவிந்து மின்னூட்டம் காற்றிலேயே கசிந்துவிடுகிறது. ஏற்றிய அரை நிமிடத்தில் பாதி போய்விட்டது. தாளை உரித்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் பூட்டுக்குப் போடவென்று விற்கும் கிராபைட் பொடியை ஃபெவிகாலும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து மூன்று பூச்சு கொடுத்தேன். காய்ந்ததும் பஞ்சால் தேய்க்கத் தேய்க்க, பந்து பென்சில் ஊசிபோலக் கருத்து மின்னியது. மல்டிமீட்டரை இரு பக்கமும் வைத்துப் பார்த்தேன், 40 கிலோ ஓம். இவ்வளவு தடையா என்று பயப்பட வேண்டாம். இங்கே ஓட்டம் என்பதே கிடையாது, மின்னூட்டம் ஒருமுறை பரவி உட்கார்ந்தால் போதும். லட்சக்கணக்கான ஓம் இருந்தாலும் கண் இமைப்பதற்குள் பரவிவிடும்.

தூணுக்கு வீட்டில் கிடந்த பர்மாத் தேக்கு ரீப்பரைச் செதுக்கி வைத்தேன். நூறு வருடம் உலர்ந்த மரம், இதைவிடக் காய்ந்தது எங்கே கிடைக்கும் என்ற நம்பிக்கை. மின்னூட்டம் நாற்பது விநாடிகூட நிற்கவில்லை. பந்தைக் குறை சொன்னேன், துணியைக் குறை சொன்னேன், மரத்தைச் சந்தேகிக்க மட்டும் ஒரு நாள் ஆயிற்று. மரம் என்ன காய்ந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். வீட்டு மின்சாரத்துக்கு அது காப்புப் பொருளாகத் தெரியலாம். பந்தில் இருப்பதோ 11 ஆயிரம் வோல்ட், அதுவும் கொஞ்சமே கொஞ்சம் மின்னூட்டம். அந்த அளவுக்கு மரம் ஒரு நல்ல கடத்தி.

பெயர்ப்பலகை செய்யும் கடையில் 6 மி.மீ. அக்ரிலிக் கம்பி கிடைத்தது. 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, அடியில் தெர்மாக்கோல் வட்டம் வைத்து, பந்தை க்ளூ கன்னால் ஒட்டினேன். மேல் பந்தின் கைக்கும் அதே கம்பிதான். கம்பியை வெறும் கையால் தொடக்கூடாது என்பதை அடுத்த நாள் கற்றேன். விரல் பட்ட இடத்தில் வியர்வை உப்பு ஒட்டிக்கொள்கிறது, உப்பு ஈரத்தை இழுக்கிறது, பிறகு அந்த ரேகை ஒரு வாய்க்கால்தான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன்பிறகு தாளில் பிடித்தே எடுத்தேன். கை சுத்தம் செய்யும் திரவம் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், ஒரு படலம் தங்கிவிடும்.

மின்னூட்டத்துக்குத் தேய்க்கும் துணி தேடியபோது அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டுதான் முதலில் கைக்கு வந்தது. நல்ல பருத்தி, ஆனால் பிவிசி குழாயை எவ்வளவு தேய்த்தாலும் காகிதத்துண்டுகள் சோம்பலாகத்தான் எழுந்தன. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. "ஏப்பா, பருத்தி வேர்வைய உறிஞ்சத்தான் கட்டிக்கிறது. பட்டக் கொண்டு தேயி, மழைக்காலம் போனா பட்டுத்தான் ஒட்டிக்கிட்டு வெட்டு வெட்டுனு சத்தம் போடும்" என்று சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து கிழிந்த பட்டு அங்கவஸ்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. உண்மை. பட்டுக்கு மாறியதும் விசை பல மடங்கு கூடியது.

குழாயை நேராகப் பந்தில் தொட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு ஏறுகிறது. அதனால் வோல்ட்டா 1775இல் பரப்பிய எலெக்ட்ரோஃபோரஸ் முறைக்குப் போனேன். அலமாரிக் கதவு செய்யும் பிவிசி பலகைத் துண்டைப் பட்டால் தேய்க்கவேண்டும். அதன் மேல் அக்ரிலிக் கைப்பிடி ஒட்டிய எவர்சில்வர் தட்டை வைத்து, தட்டை ஒருமுறை விரலால் தொட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் தட்டில் நேர் மின்னூட்டம் தயார். ஒருமுறை தேய்த்தால் பத்துப் பதினைந்து தடவை எடுக்கலாம். மேல் பந்தை இறக்கிக் கீழ்ப் பந்தைத் தொடவைத்து, இரண்டும் சேரும் இடத்தில் தட்டின் விளிம்பைப் பக்கவாட்டில் தொட்டேன். இரண்டும் ஒரே அளவுப் பந்துகள், ஆகவே சரிபாதி பிரிந்துகொள்கின்றன.

அப்புறம் வந்த சிக்கல்தான் என்னை இரண்டு நாள் உட்காரவைத்தது. மேல் பந்தை மெதுவாக இறக்குகிறேன், தராசு 0.000 என்றே நிற்கிறது. சட்டென்று இறக்கினால் எண் எகிறுகிறது, பிறகு சொட்டுச் சொட்டாக வடிந்து பூச்சியத்துக்கே வந்துவிடுகிறது. மின்னூட்டம் கசிகிறது என்றே முதலில் நினைத்தேன். ஆனால் அந்த நேரத்தில் மேல் பந்தைத் தூக்கினால் தராசு கழித்தல் குறியோடு அதே எண்ணைக் காட்டியது. மின்னூட்டம் போயிருந்தால் இது நடக்காது. தராசுதான் விசையை விழுங்கிக்கொண்டிருந்தது. இந்த வகைத் தராசுகள் பூச்சியத்துக்கு அருகில் வரும் சிறிய, மெதுவான மாற்றத்தைத் தூசி, வெப்பம் என்று எண்ணித் தாமாகவே பூச்சியத்தை நகர்த்திக்கொள்கின்றன. கடையில் எடை போடுகிறவருக்கு அது வசதி, நமக்கு அதுவே கேடு. தீர்வு மிகச் சுலபம். தூணை வைத்தபின், எண்ணைப் பூச்சியமாக்கும் டேர் பொத்தானை அழுத்தாமல் விட்டுவிட்டேன். திரையில் 21.436 என்று நிற்கும், அது பூச்சியத்தைவிட்டு வெகு தூரம், தராசு கை வைக்காது. கூடுவதையும் குறைவதையும் நாமே கழித்துக்கொள்ளலாம். இதைச் செய்துபார்க்கப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

ஒரு சோதனை தனியாகச் செய்தேன். தூணையும் பந்தையும் எடுத்துவிட்டு, வெறும் தராசின் மேல் மின்னூட்டம் ஏறிய பந்தை மட்டும் கொண்டுபோனேன். 15 செ.மீ. உயரத்தில் எண் 5 மி.கி. குறைந்தது. பந்து உலோகத் தட்டையே மேலே இழுக்கிறது. 30 செ.மீ. தூண் இதனால்தான் தேவைப்படுகிறது. மேல் பந்து எப்போதும் தட்டைவிட்டு அதற்கும் மேலேயே இருப்பதால் இந்தப் பிழை ஒரு மில்லிகிராமுக்குக் கீழே போய்விடுகிறது.

காலையில் அளந்தால் மோசம், மதியம் அளந்தால் நன்று என்பது மூன்றாம் நாளே தெரிந்தது. ஈரப்பதமானி காலை ஒன்பதுக்கு 72 சதவீதம், மதியம் இரண்டுக்கு 41 சதவீதம் காட்டியது. ஆனால் ஒரு நாள் மதியமும் சொதப்பியது. பார்த்தால், அன்று ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை வீட்டில் மதியம்தான் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். சிமெண்டுக் கல் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல மெல்ல விடுகிறது. மேசை அதன் நடுவில். அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு பிற்பகல், கதவுகளைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, சட்டை நனைய நனைய எடுத்த அளவுகள் இவை. பந்து மையங்களுக்கு நடுவேயுள்ள தூரம் 20 செ.மீ.யில் 14 மி.கி., 15இல் 25, 12இல் 39, 10இல் 56, 8இல் 84, 6இல் 137. தூரத்துக்கு ஸ்டாண்டில் ஒட்டிய காகித அளவுகோல்தான். பந்துகள் தொடும் நிலையை 4.0 என்று வைத்துக்கொண்டேன். நேர் மேலே இருக்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டும், மேசைக்கு ரசமட்டமும் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு அளவுக்கும் பின்னால் 10 செ.மீ.க்குத் திரும்பி வந்து அதையும் குறித்தேன், கசிவைத் திருத்த அதுதான் வழி. விசை இரண்டு மின்னூட்டங்களின் பெருக்கல் என்பதால், ஒவ்வொன்றும் 5 சதவீதம் குறைந்தால் விசை 10 சதவீதம் குறைந்துவிடும். மேலே சொன்னவை திருத்திய எண்கள்.

20க்கும் 10க்கும் பாருங்கள்: தூரம் பாதி, விசை 14இலிருந்து 56. நாலு மடங்கு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி இலக்கம் ஒன்று கூடியும் குறைந்தும் ஆடுகிறது, 14 என்பது 13ஆகவும் இருக்கலாம் 15ஆகவும் இருக்கலாம், எல்லாம் தெரிந்ததுதான். இருந்தாலும் இந்த எண்கள் எங்கள் பட்டாலையில் பிறந்தவை.

விசை தூரத்தின் இருமடிக்கு எதிர் விகிதம் என்றால், மடக்கைத் தாளில் கோட்டின் சாய்வு 2 வரவேண்டும். ஆனால் ஆறு புள்ளிகளையும் குறித்தால் 2 வரவில்லை, 1.90 வந்தது. நெருங்கிய தூரங்களில்தான் கோடு தொய்கிறது. 20இலிருந்து கணக்குப் போட்டால் 6 செ.மீ.யில் 156 இருக்கவேண்டும், இருப்பது 137. இது அளவுப் பிழை இல்லை. கூலூம் விதி புள்ளி மின்னூட்டங்களுக்கு உரியது, பந்துகளில் மின்னூட்டம் நகரும். நெருங்கும்போது ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளி, தத்தம் பந்தின் மறுபக்கத்துக்கு ஒதுங்கிவிடுகின்றன. மையத்துக்கு மையம் 6 செ.மீ. என்றாலும் மின்னூட்டங்களுக்கு நடுவே அதைவிட அதிகம். ஆரத்தைத் தூரத்தால் வகுத்து, மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி, நாலால் பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்தால் முதல்நிலைத் திருத்தம் கிடைக்கும். 6 செ.மீ.க்கு அது 0.85. அதால் வகுத்தால் 137 என்பது 161 ஆகிறது. எல்லாப் புள்ளிகளையும் இப்படித் திருத்தியபின் சாய்வு 2.02. அதிலிருந்து பந்துக்கு 25 நானோகூலூம் என்று வந்தது. எலெக்ட்ரான் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு பந்திலிருந்தும் சுமார் 15,600 கோடி எலெக்ட்ரான்கள் வெளியேறியிருக்கின்றன. 10 செ.மீ.யில் தராசு பார்த்தது அரைக் குன்றிமணிக்கும் குறைவு!

கூலூமின் இன்னொரு உத்தியையும் செய்தோம். மின்னூட்டம் இல்லாத மூன்றாவது பந்தை, அதே அளவு, அதே பூச்சு, மேல் பந்தில் தொட்டு எடுத்தால் மேலே பாதிதான் மிஞ்சும். 10 செ.மீ.யில் 55 இருந்தது 27 ஆயிற்று. மூன்றாம் பந்தைக் கையால் தொட்டு மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, கீழ்ப் பந்துக்கும் அதையே செய்தால் 13. மின்னூட்டத்தை அளக்காமலேயே, பெருக்கல் என்பதை இவ்வளவு பளிச்சென்று காட்டும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கல்லூரி திறந்ததும் மூன்று செட் செய்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இலிருந்து இயங்கும் ஊர் இது, பிள்ளைகள் அந்த வாசலைக் கடந்துதான் பஸ்ஸில் வருகிறார்கள். மின்னூட்டத்தைத் தொட்டு அளக்கும் வாய்ப்பு அவர்களுக்கு முதல் வருடத்திலேயே கிடைக்கவேண்டும் என்பது என் ஆசை. மாதம் ஆடி. ஆடிக் காற்று ஜன்னல் இடுக்கு வழியாகப் புகுந்து, உயரமான தூணை ஆட்டி, எண்களைக் குதிக்கவைத்தது. மூன்று பக்கமும் அட்டைப்பெட்டியால் தடுப்பு வைத்தோம். பிளாஸ்டிக் தடுப்பு கூடாது, அதுவே மின்னூட்டம் ஏறிக் குழப்பும். அட்டை தன்மேல் விழுவதை மெல்லத் தரைக்கு விட்டுவிடுகிறது.

ஒரு மாணவி நெருங்கிய தூரத்து எண்களைப் பார்த்துவிட்டு, "சார், கிட்டப் போனா விசை கம்மியாகுதே, அப்ப எதிரெதிர் மின்னூட்டம்னா அதிகமாகணுமே?" என்றாள். உள்ளங்கையில் பேனாவால் இரண்டு வட்டம் வரைந்து, உள்பக்கமாகப் புள்ளிகள் வைத்துக் காட்டினாள். அதைச் செய்துபார்க்க நான் திட்டமிட்டிருக்கவில்லை. மேல் பந்தைத் தட்டாலும், கீழ்ப் பந்தைத் தேய்த்த பிவிசி குழாயாலும் தொட்டோம். ஒன்றில் நேர், ஒன்றில் எதிர். தராசு இப்போது எடை குறைந்து காட்டியது. 10 செ.மீ.யில் 54 குறைவு, 6 செ.மீ.யில் 171 குறைவு. விலக்கு விசையில் 10 செ.மீ.க்கு 56 இருந்தபோது 6 செ.மீ.க்கு 137தான். அவள் சொன்னது சரி. மின்னூட்டங்கள் முகத்தோடு முகம் நெருங்கிவிடுகின்றன, விசை கூடிவிடுகிறது. அந்தப் பெண்ணின் பதிவேட்டில் இந்த அளவுகள் தனிப் பக்கத்தில் இருக்கின்றன, அடுத்த வருடத்திலிருந்து இதுவும் செய்முறையின் ஒரு பகுதி.

மூன்று செட்டிலும் மின்னூட்டம் வேறு வேறு, திருத்தியபின் சாய்வு 1.94, 2.03, 2.07. இதில் கூலூம் விதியில் வரும் மாறிலியின் மதிப்பு கிடைக்காது, மின்னூட்டத்தைத் தனியாக அளந்தால்தான் வரும். அதற்கு ஒரு மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கி ஒன்றை மல்டிமீட்டரின் குறுக்கே கட்டி, 10 செ.மீ. அளவு எடுத்த கையோடு ஒவ்வொரு பந்தாக அதில் தொட்டோம். பந்தின் மின்தேக்குத்திறன் வெறும் 2 பிக்கோஃபாரட், அதனால் இருப்பதெல்லாம் மின்தேக்கிக்கே போய்விடுகிறது. 24.2, 23.4 மில்லிவோல்ட் காட்டியது, அதாவது அத்தனை நானோகூலூம். கணக்கில் மாறிலி 10.0 வந்தது, இருக்கவேண்டியது 8.99 (இரண்டும் நூறு கோடிக் கணக்கில்). இதற்குக் காரணம் மீட்டரே. அதன் உள்தடை 10 மெகா ஓம், மின்தேக்கி பத்து விநாடியில் பெரும்பகுதி காலியாகிறது, எண் திரையில் நிலைக்கும் அரை விநாடிக்குள் இருபதில் ஒரு பங்கு போய்விடுகிறது. மின்னூட்டம் குறைவாகத் தெரிந்தால் மாறிலி கூடுதலாகத்தான் வரும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் ஒருமுறை முயன்றோம். 10 செ.மீ.யில் 48 இருந்தது ஐந்தே நிமிடத்தில் 19. கம்பிகளை அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்போடு அரை மணி நேரம் வைத்து, சூடு ஆறுவதற்குள் மாட்டியபோது ஐந்து நிமிடத்தில் 50இலிருந்து 43. ஆறு புள்ளி எடுக்க அது போதும். இப்போது மேசையில் சிஏ 3140 ஆப்-ஆம்ப் ஒன்று கிடக்கிறது, உள்ளே ஓட்டத்தை ஏறக்குறைய இழுக்காத ஒரு பெருக்கிச் சில்லு. மின்தேக்கிக்கும் மீட்டருக்கும் நடுவே அதை வைத்தால் காலியாவது நின்றுவிடும். தை பிறந்து காற்று உலர்ந்ததும் அந்த 10.0ஐ மறுபடி அளக்கவேண்டும்.